தேதி கிழிச்ச தாளுங்க

மளிகைக் கடையில பில்லெல்லாம் குத்தி வைக்கிற கம்பி பாத்திருப்பீங்க, நுனி கூரா இருக்கும், கீழ ஒரு அட்டையோ மரவட்டோ தாங்கிட்டு இருக்கும், அந்த மாதிரி ஒண்ணு எங்க வீட்டு அடுப்பங்கரைக் கதவுக்கு மேல ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. அது என் அம்மாவோடது. எனக்கு தலைப்பிரசவம், அதனால சாத்தூர்ல அம்மா வீட்டுல தான் பொண்ணு பொறந்தா, 2009 அக்டோபர், விரோதி வருஷம் (இவ பண்ற அழிச்சாட்டியத்துக்கு அந்தப் பேரு தான் காரணம்னு இவரு இன்னிக்கும் சொல்லுவாரு). அஞ்சாம் மாசம் நான் வேலைக்குத் திரும்பணும்னு முடிச்சூருக்கு வந்தப்ப அம்மாவும் கூட வந்தாங்க, ஒரு பையில துணி, ஒரு பையில வசம்பு, கடுக்கா, ஜாதிக்கான்னு உரை மருந்து சாமான், கையில அந்தக் கம்பி. சென்னையில கம்பி கிடைக்காதாம்மான்னு கேட்டதுக்கு, கிடைக்கும், ஆனா இதுல பாப்பா கணக்கு இருக்குன்னாங்க.

பாப்பா கணக்குன்னா என்னன்னு நான் அப்ப கேக்கவே இல்லை. பிள்ளையப் பெத்து தூக்கம் இல்லாம அலையற நேரத்துல யாரு இதெல்லாம் கேப்பா.

விஷயம் இது தான். அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. தினமும் காலையில எழுந்ததும் தினசரி காலண்டர்ல தேதி கிழிப்பாங்க, கிழிச்ச தாளைத் தூக்கிப் போட மாட்டாங்க, பின்பக்கம் வெறுமையா தானே இருக்கு, அதுல பால் கணக்கு, காய் கணக்கு எழுதி கம்பியில குத்திடுவாங்க. எங்க பக்கம் காலண்டருக்குப் பஞ்சமே கிடையாது, சிவகாசி பத்துப் பதினஞ்சு மைல் தான், ஆடிப்பெருக்கு வந்தா அடுத்த வருஷத்துக்கான மாதிரி காலண்டர் அங்க வெளியாயிடும், வருஷம் பொறக்கறதுக்குள்ள மளிகைக் கடை, நகைக் கடை, உரக் கடைன்னு வீட்டுக்கு நாலு வந்து சேந்துடும். பேத்தி பொறந்த அன்னிக்கு அந்தப் பால் கணக்குக்குக் கீழயே அவங்க ஒரு வரி எழுதியிருக்காங்க. அதுல இருந்து தினமும் ஒரு வரி, ரெண்டு வரி.

இதெல்லாம் நடந்துட்டு இருக்கும்போது நான் வேற லெவல்ல ஞாபகப் பொருள் சேத்துட்டு இருந்தேன். ஒரு பெரிய ரோஸ் கலர் பேபி புக் வாங்கினேன், முதல் சிரிப்பு, முதல் பல், முதல் அடின்னு கட்டம் கட்டமா இருக்கும், அதுல மூணு பக்கம் நிரப்பினேன். நாலாவது பக்கம் குடும்ப மரம்னு ஒட்டு போட்ட மாதிரி ஒரு படம், அதுல எங்க குடும்பம் அடங்கலை, எங்க அப்பா கூடப் பொறந்தவங்களே ஏழு பேரு, அதோட நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில கையில கட்டின டேக், ஸ்கேன் படம், மொத மொதல்ல போட்ட சட்டை, எல்லாம் ஒரு டப்பாவுல. மொத மொதல்ல போட்ட சட்டைன்னு சொல்றேனே, அதுலயும் ஒரு பஞ்சாயத்து, எங்க பக்கம் பொறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போட மாட்டாங்க, தீட்டு கழியற வரைக்கும் தாத்தாவோட பழைய வேட்டியக் கிழிச்சு அதுல தான் சுத்தி வைப்பாங்க, நல்லா துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு இருக்கும். அப்ப முதல் துணி எது? நான் வாங்கின மஞ்சள் சட்டையா, அந்த வேட்டித் துண்டா? சட்டைய பத்திரமா வெச்சேன். வேட்டித் துண்டு அப்புறம் கரித்துணியா போச்சு. இப்ப நினைச்சா வயிறு எரியுது.

முடியும் எடுத்து வைக்கணும்னு ஆசை. குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு காது குத்தினப்ப ஒரு சுருள் முடிய மட்டும் காகிதத்துல மடிக்கப் போனேன், அம்மா கையத் தட்டி விட்டாங்க. "சாமிக்குக் குடுத்ததத் திருப்பி வீட்டுக்கு எடுத்துட்டு வருவியாடி?" அதுக்கு மேல பேச முடியலை. விழுந்த பாலு பல்லையும் அப்படித்தான், சாணியில உருட்டி கூரை மேல எறியணும்னாங்க, முடிச்சூர்ல சாணிக்கு எங்க போறது, அந்த ஒரு பல்லு மட்டும் எங்கிட்ட இருக்கு, ஒரு பழைய பிலிம் ரோல் டப்பாவுல. ஆனா அம்மா ஒண்ணை விடாம எடுத்து வெச்சாங்க, தொப்புள்கொடி. காஞ்சு விழுந்ததை வெள்ளித் தாயத்துக்குள்ள போட்டு அரைஞாண் கயித்துல கட்டிட்டாங்க. யோசிச்சுப் பாத்தா எதை வெச்சுக்கணும் எதை விட்டுடணும்னு அவங்களுக்கு ஒரு தெளிவான கணக்கு இருந்துச்சு, நான் தான் கண்ணுல பட்டதையெல்லாம் டப்பாவுல போட்டேன்.

அந்த ஸ்கேன் படம் கதைய சொல்லணும். அஞ்சாம் மாச ஸ்கேன்ல ஒரு தாள்ல படம் குடுத்தாங்க, மூக்கும் நெத்தியும் நல்லா தெரியும். நாலஞ்சு வருஷத்துல அது மங்க ஆரம்பிச்சுது, பயந்து போய், லேமினேஷன் போட்டா பத்திரமா இருக்கும்னு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அந்தப் பையன் மெஷின்ல விட்டான். அந்தப் பக்கம் வெளிய வந்தது முழுக் கறுப்பு. பளபளன்னு, கண்ணாடி மாதிரி, ஒரு சதுரக் கறுப்பு. ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நின்னோம். அவன் மெதுவா "அக்கா, காசு வேணாம்"னான். அவன் மேல தப்பு இல்லை, எனக்கும் தெரியாது. ஸ்கேன் படம் அடிக்கிற தாள் தெர்மல் பேப்பர், ஏடிஎம் ரசீது மாதிரி தான், மை கிடையாது, சூடு பட்டா கறுக்கற ரசாயனம் பூசியிருக்கும், அந்தச் சூட்டுல தான் படமே வருது. லேமினேஷன் மெஷின்ல மொத்தமா சூடு காட்டினா மொத்தமா கறுக்காம என்ன செய்யும். வெளிச்சத்துல வெச்சா மங்கும், வழவழ பிளாஸ்டிக் கவர்ல வெச்சாலும் மங்கும். இப்ப வயித்துல பிள்ளையோட இருக்கற யாரைப் பாத்தாலும் நான் சொல்ற முதல் வார்த்தை, ஸ்கேன் படம் வாங்கின அன்னிக்கே போன்ல ஒரு நேர்ப் படம் எடுத்து, லேப்ல குடுத்து போட்டோவா பிரிண்ட் போட்டுடுங்க. அவங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறதே அப்புறம் தான்.

அந்தக் கறுப்புச் சதுரத்தையும் வெச்சிருக்கேன். ஏன்னு கேக்காதீங்க.

2015 டிசம்பர். சென்னையில இருந்தவங்களுக்கு அந்த ரெண்டு நாளப் பத்தி சொல்ல வேண்டியது இல்லை. தாம்பரத்துல மட்டும் ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர் அடையாறு ஓரம், நாங்க தரைத்தளம், வாடகை வீடு. ராத்திரி வாசப்படி தாண்டி தண்ணி உள்ள வந்தப்ப பொண்ணையும் அம்மாவையும் மாடியில ஹவுஸ் ஓனர் வீட்டுக்கு ஏத்தி விட்டோம், கேஸ் சிலிண்டரை ஏத்தினோம், இவரு ஆபீஸ் லேப்டாப்பத் தூக்கினாரு, நான் அரிசி டின்னைத் தூக்கினேன். ஆல்பம் ஞாபகமே வரலை. பீரோவுல கனமான சாமானை அடித்தட்டுல தானே வைப்போம். போட்டோ ஆல்பம் தான் கனம்.

நாலு நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சு பீரோவத் திறந்தா, அது திறக்கவே இல்லை, கதவு உப்பிப் போய் உள்ள இருந்து சேறு அடைச்சிருக்கு, கடப்பாரை வெச்சு நெம்பினோம். அடித்தட்டுல பேபி புக் கூழாயிடுச்சு. முதல் பிறந்தநாளுக்கு எடுத்த கரிஷ்மா ஆல்பம், அந்தக் காலத்துக்கு ஒன்பதாயிரம் ரூபா குடுத்து, பக்கம் பக்கமா டிசைன் பண்ணி வாங்கினது, எல்லாப் பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி செங்கல் மாதிரி ஆயிடுச்சு. பிரிக்கப் பாத்தா ஒரு பக்கத்து முகம் அடுத்த பக்கத்துல ஒட்டிட்டு வருது. இன்னொண்ணு, பசை பக்கத்துல போட்டோவ ஒட்டி மேல பிளாஸ்டிக் தாளை மூடுவோமே, அந்த ஆல்பம், அதுவும் அதே கதி. தப்பிச்சது பத்து ரூபா, இருபது ரூபாய்க்கு லேப்ல சும்மா குடுத்த கவர் ஆல்பம், பாக்கெட் பாக்கெட்டா சொருகி வைக்கிறது, அதுல இருந்த மேக்ஸி சைஸ் போட்டோங்க மட்டும்.

அதுவும் சும்மா தப்பிக்கலை. மாடி வீட்டு அண்ணன், போட்டோ ஸ்டுடியோவுல வேலை பாத்தவரு, அவரு தான் சொன்னாரு, காய விடாதம்மா, காஞ்சா போச்சு, ஈரமா இருக்கும்போதே திரும்பத் தண்ணியிலயே போடுன்னு. எனக்குக் கேக்கவே பைத்தியக்காரத்தனமா இருந்துச்சு, தண்ணியில நனைஞ்சு கெட்டுப் போனதை மறுபடி தண்ணியில போடுறதா? ஆனா அவரு சொன்னதுல அர்த்தம் இருக்கு. லேப்ல போடுற போட்டோவோட மேல்பூச்சு ஜெலட்டின், தண்ணியில ஊறினா கோந்து மாதிரி இளகிடும், அப்படியே இன்னொண்ணு மேல ஒட்டிக் காஞ்சா அப்புறம் சாமியே வந்தாலும் பிரிக்க முடியாது. அதனால பிளாஸ்டிக் வாளியில கேன் தண்ணி ஊத்தி (அந்த வாரம் ஒரு கேனு என்ன விலை வித்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, இவரு முறைச்ச முறைப்பு இருக்கே), போட்டோங்களக் கத்தையா போட்டு ஊற விட்டு, ஒரு மூலையில விரல் வெச்சு, இழுக்காம, தானா விலகுற வரைக்கும் காத்திருந்து ஒவ்வொண்ணா எடுத்தோம். மேல் பக்கத்தத் தொடவே கூடாது. சேறு இருந்தா துடைக்கக் கூடாது, தண்ணியில அப்படியே அலசணும். அப்புறம் மொட்டை மாடியில, வெயில்ல இல்லை, தண்ணித் தொட்டி நிழல்ல, என்னோட பழைய காட்டன் நைட்டிய விரிச்சு அது மேல முகம் மேல பாத்த மாதிரி ஒண்ணொண்ணா பரப்பினோம். அம்மா அப்பளம் காய வைக்கிற மாதிரி காவல் உக்காந்தாங்க, காக்கா வந்தா விரட்டிட்டு.

கரண்ட் இருந்திருந்தா பிரீசர்ல போட்டிருக்கலாம்னு பிற்பாடு தெரிஞ்சுது. ஈரமான போட்டோவோ தாளோ உடனே பிரிக்க முடியலைன்னா கவர்ல போட்டு உறைய வெச்சுட்டா, பூஞ்சை புடிக்காம அப்படியே நிக்கும், நேரம் கிடைக்கும்போது எடுத்து இளக வெச்சுப் பிரிச்சுக்கலாம். ரெண்டு நாளுக்கு மேல ஈரத்துல கிடந்தா பூஞ்சை ஆரம்பிச்சுடும், எங்களுக்கு நாலு நாள் ஆயிடுச்சு. முந்நூத்தி சொச்சம் இருந்ததுல நூத்தி நாப்பது தேறுச்சு. அதுலயும் வீட்டுல பிரிண்டர்ல போட்டு வெச்ச போட்டோ ஒண்ணு கூட இல்லை, இங்க் அப்படியே கரைஞ்சு ஓடிடுச்சு, என் பொண்ணு முதல் நாள் ஸ்கூல் யூனிபார்ம்ல நிக்கற படம் ஒரு ஊதாக் கறை.

சான்றிதழ் எல்லாம் போச்சேன்னு இவரு தலையில கைய வெச்சிட்டு உக்காந்தாரு. ஆனா அது தான் சுலபமா திரும்பி வந்துச்சு. பொறந்து 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிட்டா பதிவேட்டுல இருக்கு, நம்ம கையில இருக்கறது நகல் தான், போனா மறுபடி வாங்கிக்கலாம். வெள்ளத்துல போன சான்றிதழுக்கெல்லாம் அரசாங்கமே தனி முகாம் போட்டாங்க. (பேர் இல்லாம பதிவு பண்ணி அப்படியே விட்டவங்க கொஞ்சம் கவனிங்க, ஒரு வருஷத்துக்குள்ள சேத்தா காசு கிடையாது, அப்புறம் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம். 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பொறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ் தான் ஆதாரம்னு சட்டமே மாத்தியாச்சு.) திரும்பி வராதது தடுப்பூசி அட்டை. அது சாத்தூர்ல பாதி, தாம்பரத்துல பாதின்னு போட்டது. ஸ்கூல்ல கேட்டப்ப என்ன சொல்றதுன்னு முழிச்சேன். பிசிஜி போட்டதுக்கு மட்டும் இடது தோள்ல தழும்பு இருக்கு, அதை எந்தத் தண்ணியும் அழிக்காது.

அப்பத் தான் கம்பி.

தண்ணி எங்க வீட்டுல இடுப்பளவு ஏறியிருந்துச்சு, செவுத்துல கோடு அப்படியே இருக்கு. கம்பி கதவு நிலைக்கு மேல. அதுக்கு ஒரு சொட்டு படலை. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்து, தலைய அசைச்சு, முந்தானையில தூசி தட்டிட்டு, "ஊசி எல்லாம் இதுல எழுதியிருப்பேனே"ன்னாங்க. நான் நம்பலை. சேறு நாத்தத்துக்கு நடுவுல தரையில குந்தி உக்காந்து கம்பியில இருந்து தாளை உருவ ஆரம்பிச்சோம். அடியில இருந்தது பழசு, கம்பி துரு ஏறி ஓட்டையச் சுத்தி காபி கலர்ல வட்டம்.

"முத்தடுப்பு ஊசி போட்டது. ராத்திரி காய்ச்சல். தொடை கட்டியா இருக்கு. பால் 1½." முன்பக்கம் திருப்பினா தேதி, கிழமை, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், எல்லாம் அச்சுல. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், மூணு தாளும் இருந்துச்சு. அதை அப்படியே எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன், அவங்க சிரிச்சாங்க, சிரிச்சிட்டு ஒவ்வொண்ணா பாத்து புது அட்டையில எழுதிக் குடுத்தாங்க.

ஊசிக்காக உருவ ஆரம்பிச்சவ தான், ராத்திரி மெழுகுவத்தி வெச்சிட்டு மீதியையும் படிச்சேன். "பாப்பா குப்புற விழுந்தா, நாலு வீட்டுக்குக் கொழுக்கட்டை குடுத்தது, அரிசி 2 படி." "மிக்சி சத்தத்துக்கு அழறா. அம்மியில அரைச்சேன்." "'த்தா'ன்னு சொன்னா. யாரைன்னு தெரியலை." "தண்ணிக்கு 'ன்னி'. காக்காவுக்கும் 'ன்னி'." "கேஸ் வந்துச்சு. பாப்பா சிலிண்டரப் புடிச்சு எந்திரிச்சு நின்னா. கேஸ்காரப் பையன் கை தட்டினான்."

அந்தக் கேஸ் தாளை நான் எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்லை. என் பொண்ணு மொத மொதல்ல எழுந்து நின்னப்ப நான் ஆபீஸ்ல இருந்திருக்கேன். அம்மா என்கிட்ட அதை சொல்லலை. ரெண்டு நாள் கழிச்சு நான் வீட்டுல இருந்தப்ப அவ சோபாவப் புடிச்சு நின்னா, நான் குதிச்சேன், போன்ல படம் எடுத்தேன், பேபி புக்ல முதல் தடவைன்னு கட்டத்துல எழுதினேன், அம்மா பக்கத்துலயே நின்னு சிரிச்சிட்டு இருந்தாங்க. பேபி புக் கூழாப் போனதுல ஒரு பொய்யும் கூட கரைஞ்சுது.

ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா நீ வேலையில உக்காந்து அழுதுட்டு இருப்ப"ன்னாங்க.

பிள்ளைத்தமிழ்னு நம்மகிட்ட ஒரு பாட்டு வகையே இருக்கே, பிள்ளையோட வளர்ச்சிய பத்து பருவமா பிரிச்சு பாடுறது, அஞ்சாம் மாசம் செங்கீரை, ஒன்பதாம் மாசம் சப்பாணின்னு, புலவருங்க சாமியயும் ராஜாவையும் பிள்ளையாக்கிப் பாடினாங்க. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினப்ப அது வெறும் மார்க்கு. இப்ப பாத்தா யாரோ ஒரு ஆச்சி அஞ்சாம் மாசம் பிள்ளை ஒரு காலை மடக்கி கைய ஊணி தலைய ஆட்டினதை உக்காந்து பாத்திருக்கா, அவ பாத்ததத் தான் புலவரு எழுதியிருப்பாருன்னு எனக்குத் தோணுது. என்ன, பால் கணக்கை விட்டுட்டாரு.

அடுத்து தம்பி. 2017-ல பொறந்தான். அம்மா அதுக்குள்ள சாத்தூருக்கே போயிட்டாங்க, அப்பாவுக்கு முடியலை, அவங்களுக்கும் கண்ணு. தம்பிக்கு கம்பி கிடையாது. பதிலா போன்ல பதினோராயிரம் படம். இருக்கு, ஆனா என்ன இருக்குன்னு தெரியாது. அவன் முதல் அடி எடுத்து வெச்ச வீடியோ என் நாத்தனார் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினது, வாட்ஸ்அப்ல வந்தா தரமும் குறையும், எடுத்த தேதியும் படத்துக்குள்ள இருந்து போயிடும், போன் மாத்தி பேக்கப்ல இருந்து எடுத்தப்ப எல்லாம் ஒரே தேதியில வந்து உக்காந்துடுச்சு. அவன் பத்து மாசத்துல நடந்தானா பதிமூணு மாசத்துல நடந்தானான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. மஞ்சள் டவுசரை வெச்சு கணக்குப் போட்டுப் பாக்கறோம், அந்த டவுசர் தீபாவளிக்கு எடுத்ததா பொங்கலுக்கு எடுத்ததான்னு எனக்கும் இவருக்கும் சண்டை. அக்காவோட தாளெல்லாம் பாத்துட்டு ஒரு நாள் கேட்டான், "என்னோட கம்பி எங்கம்மா?" நான் போனைக் காட்டினேன். அவன் அதுல கேம் விளையாடப் போயிட்டான்.

அதுக்கப்புறம் கொஞ்சம் புத்தி வந்துச்சு. கூகுள் போட்டோஸ்ல எவ்வளவு வேணா இலவசம்னு இருந்தது 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சு, அப்புறம் ஏத்தறதெல்லாம் 15 ஜிபி கணக்குல சேரும்னு வந்தப்ப, இடம் பத்தலைன்னு உக்காந்து கழிக்க ஆரம்பிச்சேன், ஒரே சிரிப்புக்கு முப்பத்தி ரெண்டு படம், முப்பத்தி ஒண்ணைத் தூக்கினேன். வருஷத்துக்கு இருபத்தி நாலு படம் தான், மாசம் ரெண்டு, அதை லேப்ல மேக்ஸி சைஸ்ல போட்டுடறது. பின்பக்கம் பால்பாய்ன்ட்ல அழுத்தி எழுதினா முன்பக்கம் முகத்துல தடம் விழும், ஜெல் பேனா காயாம அடுத்த படத்துல ஒட்டும், அதனால சின்ன வெள்ளைத் தாள்ல எழுதி கவர்ல படத்துக்குப் பின்னாடி சொருகிடறேன், யாரு, எங்க, எப்ப, அன்னிக்கு என்ன சண்டை. சண்டைய எழுதினா தான் பின்னாடி படிக்க நல்லா இருக்கு. நாத்தனார்கிட்ட சொல்லிட்டேன், படம் அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்புன்னு. உயர அளவு எல்லாம் பழைய வீட்டுச் செவுத்துல பென்சில்ல போட்டு வெச்சிருந்தோம், வெள்ளத்துக்கு அப்புறம் ஓனர் பெயின்ட் அடிச்சிட்டாரு, அவரு வீடு, அவரு செவுரு. இப்ப ஆறடி ரீப்பர் கட்டை ஒண்ணு கார்பென்டர்கிட்ட இழைச்சு வாங்கி அதுல கோடு போடறோம், வீடு மாறினா கட்டையும் வரும்.

தாளுங்கள கம்பியில இருந்து எடுத்துட்டேன். அது மலிவான தாள், பழுத்துட்டே தான் இருக்கும், மடிச்ச இடத்துல உடையும். ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி, நடுவுல நல்ல ஏ4 தாள் வெச்சு, பிளாஸ்டிக் பைல்ல போட்டிருக்கேன். பிளாஸ்டிக்லயும் பாத்து வாங்கணும், புது மழைக்கோட்டு மாதிரி வாசனை வந்தா அது பிவிசி, வேணாம். பெட்டியில அம்மா சொன்னபடி வசம்பும் காஞ்ச வேப்பிலையும், ஓலைச்சுவடிக்கே அது தான் போட்டாங்களாம், தாள் மேல படாம துணியில முடிஞ்சு ஓரத்துல. பாச்சை உருண்டை பிள்ளைத் துணிகூட வைக்கவே மாட்டேன், சில பிள்ளைங்களுக்கு ரத்தத்துல ஜி6பிடிங்கற நொதி (என்சைம்) குறைவா இருக்கும், அந்த வாசனை ஏறின துணியப் போட்டாலே ரத்த சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வந்துடும்னு எங்க குழந்தை டாக்டர் திட்டியிருக்காங்க. பெட்டி இப்ப பரண்ல. அடித்தட்டுங்கற பேச்சுக்கே இடமில்லை.

பெட்டி சாவி பொண்ணுகிட்ட. அவ இப்ப பெரியவ ஆயிட்டா, தொட்டியில குளிக்கற படம் நாலஞ்சை அவளே எடுத்து ஒளிச்சு வெச்சிட்டா, நான் முன்னாடி பேஸ்புக்ல போட்டிருந்த ரெண்டு படத்தையும் உக்காந்து அழிக்க வெச்சா. எனக்குக் கோவம் வந்துச்சு முதல்ல. அது உன்னோட ஞாபகம், ஆனா என்னோட உடம்புன்னு சொன்னா. என்ன பதில் சொல்றது. அவ பத்தி இங்க எழுதறதுக்கும் அவகிட்ட கேட்டுட்டுத் தான் எழுதறேன், "பேரு வேணாம், போட்டோ வேணாம், சிலிண்டர் கதை ஓகே"ன்னு அனுமதி.

போன மாசம் அம்மா வந்திருந்தாங்க, கண் ஆபரேஷன் முடிஞ்சு, கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு. பொண்ணு பெட்டியத் திறந்து ஒவ்வொரு தாளா படிச்சுக் காட்டிட்டு இருந்தா, அம்மா வெத்தலை மென்னுட்டே கேட்டுட்டு, "இதெல்லாம் எதுக்குடி வெச்சிருக்கீங்க, எடைக்குப் போட்டா பூண்டாவது வாங்கலாம்"னு. 2010 ஜூலை 14, புதன்கிழமைத் தாள் வந்துச்சு. பால் கணக்கு கூட இல்லை. ஒரே வரி. "இன்னிக்கும் அதே மாதிரி."

"என்ன அம்மாச்சி அதே மாதிரி?"

அம்மாவுக்குத் தெரியலை. கண்ணாடியக் கழட்டிட்டு தாளை வாங்கி மூக்கு கிட்ட வெச்சுப் பாத்தாங்க, தன் கையெழுத்து தான்னு ஒத்துக்கிட்டாங்க. காய்ச்சலா இருக்குமா, சிரிச்சதா, புதுசா ஏதாவது சத்தம் போட்டாளா, நான் ஆபீஸ் கிளம்பும்போது அழுதாளா, ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம். தம்பி, அக்கா கக்கா போயிருப்பான்னான், அடி வாங்கினான்.

"முந்தின நாள் தாளப் பாரு, அதுல எழுதியிருப்பேன்"னாங்க அம்மா.

தேடினோம். 12 இருக்கு, 14 இருக்கு. 13 இல்லை. பெட்டியக் கவுத்துப் பாத்தோம், பைல்ல ரெண்டு தாள் ஒட்டியிருக்கான்னு ஒவ்வொண்ணா தடவிப் பாத்தோம். அம்மா கொஞ்ச நேரம் செவுத்தையே பாத்துட்டு இருந்துட்டு சொன்னாங்க.

"இட்லிப் பொடி கேட்டு கீழ்வீட்டுக்காரி வந்தாளே, அவளுக்கு மடிச்சுக் குடுத்திருப்பேன்."

"நாம தான்மா கீழ்வீடு"ன்னேன்.

"அப்ப மேல்வீட்டுக்காரி."